'பி'யில்தான் இருந்தது வண்டி

சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்து. அடுப்படி ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தை ஏன் அப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை. அவியலுக்குத் தேங்காய் அரைத்து மிக்ஸியை நிறுத்தியிருந்தேன். நிறுத்தியதால்தான் அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தமில்லை. இரும்பில் இரும்பு தட்டியதுபோல ஒரு 'டக்'. அப்புறம் கனமான பெட்டி ஒன்றை ஈரத்தரையில் இழுத்ததுபோல. பிறகு ஒன்றுமில்லை. வாசலில் உமா ஃபோனில் ஓடவிட்டிருந்த பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

"உமா" என்று கூப்பிட்டேன். "ஓ" என்று ஒரு குரல் வரும், எப்போதும். வரவில்லை.

கை கழுவாமலே போனேன். காரின் முன்பக்க இடது மூலை தரையோடு குனிந்திருந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. காருக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து, மழைத்தண்ணீரோடு சேர்ந்து, சரிவில் இறங்கிக் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வாரப் பத்தியில் என் முதல் வேலையைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். முடியவில்லை. பேனாவை எடுத்தால் அந்தச் செருப்பில்லாத கால்தான் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்புச் சொட்டு

கரமனையில், ஆற்றுக்கு இறங்குகிற ஒரு தெருவில் எங்கள் வீடு. தெருவைவிட வீடு உயரம். கேட்டிலிருந்து வாசல் வரை இன்டர்லாக் கல் பதித்த சரிவு. அதில்தான் காரை ஏற்றி, மூக்கு வீட்டைப் பார்க்க நிறுத்துவோம்.

திருவனந்தபுரத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் சமதளம் என்பது எப்போதாவது கிடைக்கிற சலுகை. ஏற்றத்தில் சிக்னல், இறக்கத்தில் வளைவு. கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது முழங்கால் போய்விட்டது. அதனால் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை, அதையும் செகண்ட்ஹேண்டாக, வாங்கினோம். நிறுத்தும்போது கியர்க் கம்பியை 'பி', அதாவது பார்க், என்ற இடத்தில் தள்ளிவிட்டால் போதும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு வருஷமாக அப்படித்தான் நின்றது.

ஜூன் மாதம் இடவப்பாதி என்கிற பருவமழை தொடங்கிய சமயம் ஒருநாள் கார் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு. வெற்றிலை துப்பியதுபோல. நான் தெருநாய்க்கு அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். உமா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயில் என்றாள்.

உமா எங்கள் ஒரே பெண். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். படித்த படிப்பைக் கையால் தொட்டதில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. வீட்டில் நாங்கள் பேசுவது நாகர்கோவில் தமிழ், அவளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். அவள் பிறந்து வளர்ந்தது இங்கே என்பதால் 'சொல்லு' என்பது பாதி நேரம் 'பறை' ஆகிவிடும். பதறினால் முழுக்க மலையாளம்தான்.

ஒர்க்ஷாப்பில் கேட்டோம். கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். உமா நம்பவில்லை. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டு, ஆக்சில் என்கிறார்கள், அது உள்ளே நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதாம். ஆயில் சீல். அது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றாள். ஆக்சிலை உருவி, பழைய வளையத்தை நெம்பி எடுத்து, புதியதைத் தட்டி உட்காரவைத்தால் தீர்ந்தது. புது வளையம் தபாலில் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சின்னக் குழந்தையின் வளையல் அளவுதான் இருந்தது.

அவள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் விழிஞ்ஞம் துறைமுகப் பக்கம் ஒரு கட்டுமான ஆபீசில் இருக்கிறார். வேண்டாத வேலை என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "செய்யட்டும். கெட்டுப்போனா ஒர்க்ஷாப்காரன் நம்மளைப் பாத்துச் சிரிப்பான், அவ்வளவுதானே" என்று என்னிடம் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு சிரிப்புக்குமேல் எதுவும் போகாது என்று.

மழைக்காலச் சட்டம்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது.

இது உமாவின் அப்பா போட்ட சட்டம். பல வருஷத்துக்கு முன்னால், பழைய வண்டி இருந்தபோது, ஒரு கல்யாணத்துக்குப் போக தம்பானூர் ஸ்டேஷனில் நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டி ஒரு வாரமாக மழையில் நின்றிருந்தது, ஹேண்ட் பிரேக் இழுத்தபடி. கிளப்பினால் பின்சக்கரம் இரண்டும் அசையவில்லை. ஈரத்தில் பிரேக் உள்ளே ஒட்டிப் பிடித்துவிட்டது. பட்டுப்புடவையோடு நான் வண்டியைத் தள்ளினேன். பக்கத்துவீட்டு சதாசிவன் சார் குடை பிடித்துக்கொண்டு, "சக்கரத்துல ஒரு தட்டு தட்டணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், தட்டவில்லை. ரயில் போய்விட்டது. கல்யாணத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்ந்ததைச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் யார் பார்த்தாலும் இறக்கிவிடுவோம். நிலைக்கதவு திறந்திருந்தால் சாத்துவதுபோல, யோசிக்காமல். பழைய வண்டியானால் கியரில் விட்டு நிறுத்துவோம். இதில் 'பி' இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை உமா சரியாகத்தான் தொடங்கினாள். முந்தின நாள் சாயங்காலமே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கீழே வெட்டுக்கல், இங்கே மதில் கட்டுகிற செம்மண் கல், இரண்டு வைத்துவிட்டாள். காலையில் அவள் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது மழைக்கோட்டு காரில் கிடக்கிறது என்று போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் உமா கீழே போனாள். ஜாக்கி வைத்துத் தூக்கினாள், சக்கரத்தைக் கழற்றினாள். கழற்றிய சக்கரத்தைக் காரின் வயிற்றுக்கு அடியில் படுக்கப்போட்டாள். ஏன் அங்கே போடுகிறாய், நடக்கிறவர்கள் தடுக்கி விழவா என்று நான் கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் அம்மா என்றாள்.

கண்ணாடி வழியாக

மண்டி போட்டுக் குனிந்தேன். காரின் வயிறு அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. படுத்த சக்கரத்தின் தடிமன் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் என் மகளின் நெஞ்சும் தலையும். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது.

"அம்மா, தொடாதே. வண்டியில கை வைக்காதே."

எங்கே அடிபட்டிருக்கிறது என்று கேட்டேன். இடது கை, ஆக்சிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, மூச்சு விட முடிகிறது என்றாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு, ஹேண்ட் பிரேக் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா பார் என்றாள். கதவைத் திறக்காதே, கண்ணாடி வழியாகப் பார்.

பார்த்தேன். அது தாழ்ந்து கிடந்தது, தூங்குகிற மாதிரி. யார் கை அதை இறக்கியது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மழைக்கோட்டை எடுக்கப் போன கை.

"கீழ இருக்கு மக்களே."



"நான் போட்டேன்மா."

"ஆனா 'பி'யிலதான் இருக்கு. இனி நகராது" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன்.

"'பி' இப்போ ஒண்ணுமில்லம்மா. அது கியர்பாக்ஸைத்தான் பிடிக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. ஒரு ஆக்சில் வெளிய வந்துட்டா பிடி விட்டுப்போவும். நான் நெம்பினேன், வந்துது, வண்டி பின்னால போச்சு, ஜாக்கி சாஞ்சுது. இப்போ சக்கரம் மாட்டுற அந்த இரும்புத் தட்டு கல்லு இடுக்குல குத்தி நிக்கு. அது மட்டும்தான் வண்டியைப் பிடிச்சிருக்கு. யாராவது தூக்கினா அது விடும். வண்டி என் மேல கூடி பின்னால போவும்."

பின்சக்கரத்தைப் பார்த்தேன். அவள் வைத்த வெட்டுக்கல் இரண்டும் மழையில் ஊறி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி நொறுங்கிக் கிடந்தன.

ஆறு நீலச் சட்டைகள்

இதற்குமேல் உங்களைக் காக்கவைக்க எனக்கு மனசில்லை. உமா இருக்கிறாள். முன்கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவள் மூச்சு கேட்கிறதா என்று நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். பகலில் ஆபீசில் இருக்கும்போதும் எழுந்துவிடுகிறேன். பிறகு ஏன் எழுந்தேன் என்று நின்றுவிட்டு உட்காருகிறேன்.

அவளுடைய அப்பாவிடம் நானோ அவளோ ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவரே காருக்குள் கையை விட்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து சாம்பாரில் உப்பு கம்மி என்றுகூட அவர் சொல்வதில்லை.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாத அந்த நேரத்தைத்தான் நான் இன்னும் தாண்டவில்லை.

முதலில் வந்தது சதாசிவன் சார். மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஐயோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே ஃபயர் ஃபோர்ஸுக்கு ஃபோன் பண்ணினார். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அவர் ரிட்டையர்டு இன்ஜினீயர். அவரிடமும் ஆட்டோமேட்டிக் கார்தான். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "'பி'யில் உண்டு. பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் போட்ட சத்தத்தில் தெருமுனை சிமெண்ட் கோடவுனிலிருந்து மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் ஆறு பேர் ஓடிவந்தார்கள், நீலச் சட்டைக்காரர்கள். போன வருஷம் எங்கள் ஃபிரிட்ஜை நாங்களே இறக்கக் கூடாது, தங்களுக்குத்தான் அந்தக் கூலி என்று இதே வாசலில் எங்களோடு சண்டை போட்டவர்கள். இந்தச் சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. ஓடிவந்தார்கள். ஒருவன் பாதி குடித்த டீ கிளாஸைக் கையிலேயே கொண்டுவந்திருந்தான்.

தெருவே திரண்டுவிட்டது. "ரத்தம் போகுது, ரத்தம்" என்று கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ஆயில் அது, கியர்பாக்ஸ் ஆயில் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். என் கையில் இருந்ததில் எது ஆயில், எது அவள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.

ஆறு பேரும் காரின் சாய்ந்த மூலையில் குனிந்து கை கொடுத்துவிட்டார்கள். நூறு கிலோ மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவர்கள். அவர்களில் மூத்தவர் என்னிடம், "சேச்சி மாறிக்கோ, ஒரு மினிட் போதும்" என்று விலகச் சொன்னார். சதாசிவன் சார் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

அடியிலிருந்து உமா ஏதோ சொன்னாள். அவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"வேண்டாம்னு பறைம்மா."

என்ன செய்தேன் என்று பிறர் சொல்லித்தான் எனக்கு முழுதாகத் தெரியும். அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, காரை ஒட்டி, அந்தச் சிவப்பில் நீளமாகப் படுத்துவிட்டேனாம். என்னை மிதிக்காமல் யாரும் தூக்க முடியாது. அவர்கள் கையை எடுத்தார்கள்.

தூக்காதீங்க, தூக்கினா உருளும், முதல்ல பின்சக்கரத்துக்குக் கல்லு வைங்க என்று கத்தினேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். சதாசிவன் சார் மேலேயிருந்து பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, 'பி'யில் இருக்கிற வண்டி உருளாது, அதற்காகத்தான் 'பி' என்று விளக்கினார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். என் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தவர்களும் என் நல்லதுக்குத்தான். மகள் அடியில் கிடக்கிறாள், அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. நீலச் சட்டையில் இளையவன் மட்டும், "கல்லு தானே, கொண்டுவரேன்" என்று கோடவுன் பக்கம் ஓடினான்.

யாரோ என் ஃபோனில் உமாவின் அப்பாவைப் பிடித்துவிட்டு என் காதில் வைத்தார்கள். பின்னால் லாரிகள் ஓடுகிற இரைச்சல். விஷயத்தை அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"'பி'யில போட்டிருக்கில்லா? அப்போ வண்டி எங்கயும் போகாது. தூக்கச் சொல்லு. சீக்கிரம் தூக்கச் சொல்லு." அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது.

என் புருஷன் சொல்கிறார். இன்ஜினீயர் சொல்கிறார். தூக்கத் தெரிந்த ஆறு பேர் நிற்கிறார்கள். வேண்டாம் என்பது அடியில் கிடக்கிற ஒருத்தி மட்டும். அவளுக்கோ உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு எல்லாம் நினைவோடுதான் தெரிகிறதா, வலியில் பிதற்றுகிறாளா? அவள் பேச்சைக் கேட்டு நான் காக்கிற நேரத்தில் அவள் போய்விட்டால்? இந்தக் கேள்விகளை நான் அப்போது கேட்டுக்கொண்டதாக எழுத ஆசைதான். கேட்கவில்லை. ஃபோனைத் தள்ளிவிட்டேன். அவள் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு, "சொல்லு மக்களே, நீ சொல்லு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கண்ணை மூடட்டா அம்மா?"

"மூடாதே."

"மழை பெய்யுதா?"

"தூறுது."

அவளுடைய வலது கையின் இரண்டு விரல் எனக்கு எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஆயிலில் வழுக்கிக்கொண்டே இருந்தது. எங்கள் தலைக்குமேல் தூக்கலாமா கூடாதா என்று சண்டை நடந்தது. பொறுமையிழந்த ஒருவர் கார் கதவில் கை வைத்தார். வண்டி கொஞ்சம், ஒரு நூல், அசைந்தது. உமா கத்தினாள். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் தெருவில் முதன்முதலாக எல்லோரும் வாயை மூடினார்கள்.

அந்த அமைதியில்தான் சைரன் கேட்டது.

தரையில் ஒரு கன்னம்

தெருவுக்குள் பெரிய வண்டி நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்த ஆபீசருக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, தொப்பை, வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் அவரிடம் பேசினார்கள். சதாசிவன் சார் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இந்த அம்மா தூக்க விடவில்லை என்று யாரோ என்னைக் காட்டினார்கள். நான் படுத்தபடியே அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். என்னை நகர்த்தத்தான் போகிறார் என்று நினைத்து, காரை ஒட்டி இன்னும் நெருங்கிக்கொண்டேன்.

அவர் என்னை நகர்த்தவில்லை. கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில், அந்தச் சிவப்பில், அத்தனை உடம்போடு குப்புறப் படுத்தார். கன்னத்தைக் கல்லோடு வைத்து உள்ளே பார்த்தார். 'மோளே' என்று கூப்பிட்டுப் பேர் கேட்டார். அவள் சொன்னாள். பிறகு, இப்போது இந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை.

உமா மலையாளத்தில் சொன்னாள். ஆக்சில் வெளியே வந்ததை, 'பி' பிடிக்காததை, ஹேண்ட் பிரேக் கீழே இருப்பதை, கல் இடுக்கில் தட்டு குத்தி நிற்பதை. நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் அவசரப்படுத்தவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பி அந்தத் தட்டைப் பார்த்தார். நொறுங்கிய வெட்டுக்கல்லைப் பார்த்தார். வண்டி நிற்கிற சரிவைக் கேட்டு வரைக்கும் கண்ணால் அளந்தார்.

எழுந்து நின்றபோது அவருடைய ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. துடைக்கவில்லை. சதாசிவன் சாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன்னுடைய ஆட்களையும், கை பிசைந்துகொண்டு நின்ற நீலச் சட்டைக்காரர்களையும், அப்போதுதான் கல்லோடு வந்து சேர்ந்த இளையவனையும் பார்த்துச் சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"எல்லாரும் கேட்டல்லோ. இனி மோள் பறயும், நம்மள் செய்யும்."